அக்சாவின் சாயப் பாட்டில் ஏலம் போன விவரம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை செல்வினுக்கு அத்தான் வேதசிரோமணி எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பட்டாளத்தில் இருப்பவனிடம் பொய் எழுத மனம் வரவில்லை. உன் அக்கா பியூலா நலம். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. போனில் சொன்னால் உன் அக்காவுக்குக் கேட்டுவிடும், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மகள் அக்சா என் போனை எடுத்து நோண்டுவாள், அதனால்தான் தபால். படித்ததும் கிழித்துப் போடு. இந்த விஷயத்தில் என் பேர் எங்கேயும் வரக் கூடாது.

உன் மருமகள் அக்சா ராஜபாளையத்துக் கல்லூரியில் செய்யும் ஆராய்ச்சியை நீ அறிவாய். கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள். வெளிச்சம் பட்டால் அது சூடாகும், அந்தச் சூட்டில் புற்றுக்கட்டியை மட்டும் சுட்டுவிடலாமாம். சூடு கூடினால் நல்ல சதையும் வெந்துபோகும். அம்புட்டுத் துக்கடாவுக்குள் தெர்மாமீட்டரைச் செருக முடியுமா? அதனால் துகளோடு ஒரு சாயத்தை ஒட்டவைக்கிறாள். "அது பாட்டுக்கு ஒளிரும்ப்பா. சூடு ஏற ஏற மங்கும். எம்புட்டு மங்குதோ, அத வச்சுச் சூட்டக் கணக்குப் போட்டுருவேன்" என்றாள். அடுத்த மாதம் வெளியூர்ப் பேராசிரியர் வந்து கேள்வி கேட்பார், அதில் தேறினால்தான் டாக்டர் பட்டம். கல்லூரி ஃபிரிட்ஜ் பழுதாகிவிட்டதால் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமினியத் தாள் சுற்றி நம் ஃபிரிட்ஜில் வைத்தாள். "வெளிச்சமே படக் கூடாது, யாரும் தொட்டுறாதிய" என்றாள். என் காதில் விழுந்தது, விழவில்லை என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை, வத்திராயிருப்பிலிருந்தும் வ. புதுப்பட்டியிலிருந்தும் ஆட்கள் வாழைத்தாரும் தேங்காயும் நெல்லுமாக முதற்பலனைக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைக்கிறார்கள், எனக்கு வயலும் இல்லை தோப்பும் இல்லை, என் வீட்டில் விளைந்தது அந்தப் பாட்டில்தானே, போதகர் ஐயா ஜெபம் பண்ணினால் பிள்ளைக்கு நல்லதாயிற்றே என்று நினைத்தேன், அக்சா தோழி வீட்டில் இருந்தாள், உன் அக்கா அசன விருந்துக்குக் காய் வெட்டப் போயிருந்தாள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் வைத்தால் யாரோ மறந்துவிட்ட இட்லிப் பொட்டலம் மாதிரி இருந்தது, அதனால் தாளை உரித்தேன், ரோஜா நிறத்தில் மினுமினுத்தது, ஜெபம் முடிந்து கண்ணைத் திறந்தால் பாட்டிலைக் காணோம், மணியடிக்கிற கோயில்குட்டியார் காணிக்கைகளோடு சேர்த்து ஏலத்துக்கு வாரிக்கொண்டு போயிருந்தார், நான் ஓடிப்போய் "அண்ணே, அதுல தங்கம் இருக்கு, விட்டுருங்க" என்றேன், அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கவே கூடாது, கூட்டம் முழுக்க நிமிர்ந்தது.

போன வருஷம் சேவல் ஏலத்தில் என்னிடம் தோற்ற ஜெயக்கொடி அண்ணாச்சி விடாமல் கேட்டு எடுத்துவிட்டார். திருப்பிக் கேட்டேன். "ஏலத்துல வந்தது ஆண்டவர் குடுத்ததுல்லா. அதத் திருப்பிக் குடுக்கப்பிடாது" என்றார். காரின் முன்கண்ணாடி ஓரம் பாட்டிலை வைத்துப் பூட்டிவிட்டு அசனத்துக்கு உட்கார்ந்தார். மத்தியான வெயில், மாப்பிள்ளை. அவர் மறுசோறு வாங்கிக்கொண்டிருக்க, நான் கார் கண்ணாடிமேல் என் துண்டை விரித்துப் பிடித்தபடி நின்றேன், துண்டு எட்டவில்லை. கடைசியில் அந்தச் சேவலையே கொடுத்துத்தான் மீட்டேன். திரும்பத் தாள் சுற்றும்போது பழைய மினுமினுப்பு இல்லை.

திங்கட்கிழமை அக்சா அதைக் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "லேசர் வெளிச்சமே போடலப்பா. அதுக்குள்ள தண்ணி கொதிக்கிற சூடுன்னு கணக்கு வருது. ஐஸ்ல வச்சும் பார்த்துட்டேன், ஒளி திரும்ப வரல. இத்தன வருசம் நான் அளந்ததெல்லாம் தப்போ?" என்றாள். இன்று காலையில் உன் அக்காவிடம், "படிப்ப நிறுத்திரவாம்மா" என்று கேட்டாள். நான் பக்கத்து அறையில் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது.

நீ தாய்மாமன், உன் பேச்சை அவள் தட்டமாட்டாள். கடிதம் கண்டதும் போன் போட்டு, உன் கணக்குச் சரிதான், பாட்டிலை எவனோ வெயிலில் வைத்துவிட்டான் என்று பக்குவமாகச் சொல். எவன் என்று கேட்டால் ஜெயக்கொடி என்று சொல். அது பொய்யும் இல்லை.

குளிருக்கு மப்ளர் கட்டிக்கொள். தேவ சமாதானம் உன்னோடு இருப்பதாக.

இப்படிக்கு,
உன் அத்தான்
வேதசிரோமணி

பி.கு.: போன் போட வேண்டாம். உறை ஒட்டப் பசை தேடி அக்சாவின் அறைக்குப் போனேன். ஆய்வேட்டுத் தாள்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத் தாங்கவில்லை, அம்புட்டையும் சொல்லிவிட்டேன். கட்டிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே போட்டாள். பொறவு, "அப்போ நான் தப்பா அளக்கலியாப்பா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள், நானும்தான். சாயம் மங்கியது சூட்டாலா, இல்லை வெளிச்சத்தில் வெளுத்ததாலா, இரண்டையும் எப்படிப் பிரிப்பாய் என்று அந்த வெளியூர்ப் பேராசிரியர் முன்பே எழுதிக் கேட்டிருந்தாராம். சூட்டில் மங்கியது ஆறினால் திரும்ப ஒளிரும், வெளுத்தது திரும்பாது. அதற்குச் சாட்சியாக இந்தப் பாட்டிலையே காட்டப்போகிறாளாம். பெட்டியைப் பிரித்து எழுத உட்கார்ந்துவிட்டாள்: 'ஆய்வு மாதிரி ஒன்று தவறுதலாக வெயிலில் வைக்கப்பட்டது.' நான் எட்டிப் பார்த்து, அந்த இடத்தில் அப்பா பேரையும் போடேன் என்றேன். அதுவரைக்கும் கோபமே படாத பிள்ளை அப்போதுதான் என்னை முறைத்தாள்.