செய்முறைக்குக் கட்டம் இல்லாத அட்டவணை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜெரோம் அவர்களுக்கு,

திண்டுக்கல்லிலிருந்து மாமா பவுல்ராஜ் எழுதுவது. மாதாவின் கருணையால் நானும் உங்கள் அத்தையும் தனித்தனியே நலம். ஜெர்மனியில் நீங்களும் மகள் நான்சியும் சேர்ந்தே நலமாயிருக்க மன்றாடுகிறேன். போனில் பேசினால் அத்தை காதில் விழும் என்பதால் கடிதம்.

லீவுக்கு வந்தபோது ஐந்து நாட்டுக் குடும்பச் செலவை அட்டவணை போட்டு எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனீர்களே, அதில் ஆரம்பித்தது வினை. எந்த நாட்டுக்காரனும் எங்களைப் போல வருமானத்தில் பாதியைத் தின்று தீர்ப்பதில்லை என்று நீங்கள் சொன்னது எனக்கு உறைத்துவிட்டது. பென்ஷனை ஜெர்மன் கணக்கில் பிரித்தேன். சாப்பாட்டுக் கட்டத்தைச் சுருக்கியதில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி முதலில் போனது, பிறகு சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் ரெண்டு வெஞ்சனம் ஒன்றானது. வாடகைக்கு மூன்றில் ஒரு பங்கு என்று போட்டிருந்தீர்கள். நமக்கோ சொந்த வீடு, அதுவும் என் மாமனார் உங்கள் அத்தை பேரில் எழுதிவைத்தது. கட்டத்தைக் காலியாக விட மனமில்லாமல் மாதம் எட்டாயிரத்தை அத்தை கையிலேயே வாடகையாகக் கொடுத்தேன். எப்படியும் நம் பீரோவுக்குள்தானே இருக்கும் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல. ரெண்டாம் மாதமே அவள் ஹவுஸ் ஓனர் ஆகிவிட்டாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம், என் சிநேகிதர்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லணுமாம், அட்வான்ஸ் வேறு பாக்கியாம்.

இந்த லட்சணத்தில் ஆத்தூரில் என் தங்கை மகன் ரொனால்டுக்குக் கல்யாணம். தாய்மாமன் நான் மோதிரம் போடாவிட்டால் பிறகு தங்கை வீட்டு வாசலை மிதிக்க முடியாது. உங்கள் அட்டவணையில் ஐந்து நாட்டிலும், சொந்தக்காரர் விசேஷத்துக்குச் சீர் செய்யும் செய்முறைக்கென்று ஒரு கட்டம் இல்லை. 'இதர செலவு' கட்டத்தில் ஐந்நூறு ரூபாய் கிடந்தது. அதைக் கவரில் போட்டுக்கொண்டு போய், மண்டபத்தின் கடைசி வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் மேடைக்கு வரவும் என்று மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பக்கத்திலிருந்த உங்கள் அத்தை கைப்பையிலிருந்து ஒரு மோதிரப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்து, "போங்க, ஒங்க கையால போட்டுட்டு வாங்க. எல்லாம் நீங்க குடுத்த வாடகைதேன்" என்றாள். நாலு மாத வாடகை, மாப்பிள்ளை. மேடையில் என் கண் கலங்கியிருந்தது வீடியோவில் தெரிந்தால், லைட் வெளிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வந்ததும் அட்டவணையைக் கிழித்துப்போட்டேன். இனி வாடகையும் கிடையாது, ஜெர்மனியும் கிடையாது. பழையபடி பாதியைத் தின்போம், மீதியில் செய்முறை செய்வோம்.

நான்சியின் நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை வரைந்துவிடுங்கள். உங்களுக்கும் என் ஆசீர்.

இப்படிக்கு,
மாமா பவுல்ராஜ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் உங்கள் அத்தை இதைப் படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "முப்பத்தாறு வருசத்துல கணக்குக் கேக்காம எங்கையில நீங்க குடுத்த காசு இது ஒண்ணுதேன். நீங்க கிழிச்ச அந்தத் தாளை ஒட்டிக் குடுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒட்டிக் கொடுத்துவிட்டேன். ஒன்றாம் தேதியிலிருந்து ஒன்பதாயிரமாம். வாடகை கம்மியான நாடு ஏதாவது இருந்தால் அந்த அட்டவணையை உடனே அனுப்பிவையுங்கள்.