சரியான பச்சை

என்ஜின் மூடி திரும்பவும் வந்துவிட்டது என்று அலெக்ஸாண்டர் சொன்னபோது, அகஸ்ரின் கையுறையைக் கழற்றாமலே முகத்தைத் துடைத்தான். கன்னத்தில் பச்சை இழுபட்டது.

மல்வேர்னுக்குப் பக்கத்தில், பழைய கார்களின் சாமான்களைச் சுரண்டி, முதலில் இருந்தபடியே பூச்சடித்துக் கொடுக்கும் சின்ன கராஜ் அது. அலெக்ஸாண்டர் முதலாளி. அவர்கள் புலம்பெயர்ந்து வந்த குளிர்நாட்டில் வேலைகள் சுருங்கிக்கொண்டிருந்த தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. கூட வேலை செய்தவனை ஏற்கனவே நிறுத்தியாகிவிட்டது. அகஸ்ரினின் மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில், இவன் ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவான் என்று காத்திருந்தாள். இவனுக்கு வேலை போனால் அவளுக்கு விமானம் இல்லை.

என்ஜினின் மேல்பாகத்தில் போல்ற் போட்டுப் பூட்டும் அந்த முழநீளத் தகர மூடியின் சொந்தக்காரர் இராஜரட்ணம், ஸ்ரௌவ்வில்லில் மகளோடு இருக்கும் ஓய்வுபெற்ற எஞ்சினியர். ஐம்பதுகளில் செய்த சின்ன இங்கிலீஷ் கார் ஒன்றை, தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் இருந்த மாதிரியே ஆக்கவேண்டும் என்பது அவர் ஆசை. நல்ல மனிதர். ஆனால் வருகிற ஒவ்வொரு முறையும் அகஸ்ரினிடம் புதிதாகப் பெயர் கேட்பார். பெரிய மனிதர்களுக்குச் சின்ன மனிதர்களின் பெயர் எங்கே நிற்கும் என்று அவனும் புதிதாகவே சொல்லுவான்.

முதல்முறை மூடியைக் கண்ணாடிபோல மினுக்கிக் கொடுத்தான். கிழவர் தன் முகத்தை அதில் பார்த்துச் சிரித்தார். அவரைக் காரில் கூட்டிவந்த மகள் ரோகிணிதான் பக்கத்தில் நின்று மெல்லச் சொன்னாள்.

"அப்பா, உங்கடை கார் இவ்வளவு மினுங்கினதே?"

கிழவரின் சிரிப்பு நின்றது. யோசித்தார். இல்லைத்தான், அந்தக் காலத்துப் பூச்சு இப்படி மினுங்காது என்றார். மூடி மேசைக்குத் திரும்பியது.

அடுத்தமுறை மினுக்கம் எல்லாவற்றையும் எடுத்தான். கிழவர் விரலால் தடவித் தலையாட்டினார். ரோகிணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பச்சையில் நீலம் காணாதுபோல கிடக்கு என்றாள். கிழவருக்கும் அப்படித்தான் பட்டது.

அந்தப் பெண்ணின் கண்ணில் கொள்ளி வைக்க வேண்டும் என்று அகஸ்ரின் மனதுக்குள் சொல்லிக்கொண்டான். கடுப்பை அடக்கி, காரை ஒருக்கால் கொண்டுவந்தால் என்ஜினோடு வைத்தே நிறம் பார்க்கலாமே என்று பணிவாகக் கேட்டான். கார் மார்க்கம் நகரில் ஒரு கராஜில் தகர வேலைக்கு நிற்கிறது, இப்போதைக்குப் பார்க்க ஏலாது என்றாள். எந்தக் கராஜ் என்று கேட்பதற்குள் தகப்பனின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டாள். படித்த குடும்பத்துத் திமிர் என்று அவன் முடிவுகட்டினான்.

இனி இந்த மூடிக்குக் கராஜ் நேரம் தரமுடியாது என்று அலெக்ஸாண்டர் சொல்லிவிட்டார். அகஸ்ரின் அதை வாடகை வீட்டுக்குக் கொண்டுபோனான். நீலம் கலந்து அடித்து, வீட்டுக்காரர் கோயிலுக்குப் போன சமயம் பார்த்து அவர்கள் கேக் சுடும் அவணில் வைத்துக் காயவிட்டான். சூடு கூடி, பச்சை வாடிய பாகற்காய் நிறத்துக்குப் போனது. அடுத்த நாள் வீட்டுக்காரரின் மகளுக்குப் பிறந்தநாள். அதில் சுட்ட கேக்கை வாயில் வைத்த பிள்ளைகள் எல்லாம் துப்பினார்கள். மாத முடிவில் வேறு அறை பார்க்கச் சொன்னார்கள்.

பாகற்காய் நிறத்தைச் சுரண்டி மறுபடி அடித்தான். இந்தமுறை ரோகிணி மூடியை விட்டுவிட்டு, அதைப் பூட்டுகிற போல்ற்றுகளைப் பார்த்தாள். இவை எல்லாம் வெள்ளிமாதிரி இருக்கே, பழைய கார் போல்ற்றுகள் மங்கல் கறுப்பு அல்லவா என்று தகப்பனைக் கேட்டாள். போல்ற்றுகளைக் கறுப்பாக்கிக் கொடுத்தான். கிழமை முழுக்க மழை. கறுப்புக்கு மேலே துரு பூத்து, மூடியையும் கறைப்படுத்தி, எல்லாம் ஒரு பெட்டியில் திரும்பி வந்திருந்தன.

"நீர் கெட்டிக்காரன்தான், அகஸ்ரின்," என்றார் அலெக்ஸாண்டர். "ஆனா இனி ஒருக்கால் இது திரும்பி வந்தா, உம்மையும் திருப்பி அனுப்பத்தான் வேணும்."

அன்று மத்தியானம் அவன் சாப்பிடவில்லை. மூடியைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தபடி இருந்தான். உள்விளிம்பில், எண்ணெய் கசியாமல் வைக்கும் பழைய கோர்க் துண்டொன்று ஒட்டிக் கிடந்தது. நகத்தால் கிளப்பினான். அதன் அடியில், யாருடைய கையும் படாமல், விரல்நகம் அளவு பச்சை. தொழிற்சாலைக்காரன் அடித்த அதே பச்சை. மினுக்கமும் இல்லை, மங்கலும் இல்லை, நீலமும் ஒரு சொட்டுத்தான்.

அந்த நகத்தளவுக்குப் பக்கத்தில் வைத்து வைத்துக் கலந்தான். வேறு ஆள் பார்த்தால் எது பழசு எது புதுசு என்று சொல்ல முடியாத இடத்துக்கு வந்தபிறகே அடித்தான். போல்ற்றுகளுக்கு எண்ணெய் பூசி, துடைத்து, திரும்பவும் பூசினான்.

அவர்கள் வந்தபோது பனி தூறிக்கொண்டிருந்தது. ரோகிணி வாய் திறக்க முன்னமே அகஸ்ரின் மூடியைக் கவிழ்த்து அந்தப் பழைய பச்சையைக் காட்டினான். இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டான். அவள் இரண்டு பச்சையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ குறை தேடுவதுபோல விளிம்பெல்லாம் விரலால் தடவினாள்.

கிழவர் இரண்டு கைகளாலும் மூடியை வாங்கினார். கண் கலங்கிவிட்டது.

"இதுதான். இதேதான்," என்றார். "பிள்ளை, நாளைக்கு மார்க்கத்துக்குப் போவம். பூட்டிப்போட்டு நானே காரை ஓடிக்கொண்டு வாறன்."

பிறகு அகஸ்ரினின் கையைப் பிடித்து, தம்பியின் பெயர் என்ன என்று கேட்டார். அவன் சொன்னான். அலெக்ஸாண்டர் தூரத்தில் நின்று தலையை ஆட்டினார். அகஸ்ரினுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. கொழும்பு லொட்ஜின் படிகளில் பெட்டியோடு மனைவி இறங்குவதுபோல இருந்தது.

ரோகிணி தகப்பனைக் காரில் ஏற்றி, பெல்ற் போட்டு, கதவைச் சாத்தினாள். மூடி கிழவரின் மடியில் இருந்தது. அவள் மட்டும் பனிக்குள்ளால் திரும்பி வந்தாள். வென்றவனின் பெருந்தன்மையோடு அகஸ்ரின் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அண்ணை, அப்பா காரிலை வழிதவறித் திரியத் துவங்கினாப்பிறகு அந்தக் காரை நான் போன மாரியே வித்துப்போட்டன், கழட்டி வைச்ச இந்த மூடி சரிவராமல் கிடந்தபடியால்தான் அவர் இவ்வளவு நாளும் கார் எங்கையெண்டு கேக்காமல் இருந்தவர்."