ஓர் ஆளுக்கான சமையல்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நான் இங்கே நலமாக இருப்பதாகவே நம்புகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் அவருடைய மீன்களும் நலம் என்று உன் கடிதத்தால் அறிந்தேன். பெரிய தொட்டியில் ஒன்று மல்லாந்து மிதந்ததாக எழுதியிருந்தாய். மாப்பிள்ளையிடம் என் வருத்தத்தைச் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை வண்டி பிடித்து வந்து என்னையும் என் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போய், மீன்தொட்டிகள் இருக்கும் அந்த அறையில் எனக்கு ஒரு கட்டில் போட்டுத் தருவதாகவும் எழுதியிருந்தாய். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எனக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வராது. சொல்லத் தொடங்கினாலும் பாதியில் வழி தப்பிவிடுவேன். ஆகவே சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. வீட்டில் சமைத்துச் சாப்பிடுவதால் உடம்புக்கு உண்டாகும் நன்மை.
2. மனத்துக்கு உண்டாகும் நன்மை.
3. தனக்குத் தானே சமைக்கிறவனுக்கு, யாருக்காகச் சமைக்கிறோம் என்பதில் ஒருநாளும் சந்தேகம் வராது என்பது.
4. அளவு தொடர்பான ஒரு சின்னச் சிக்கல். (முக்கியமில்லை.)
5. ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம் என்பது.

முதலாவதில் விவாதத்துக்கு இடமில்லை. நீ ஊர் மாறிப் போனதும் தினமும் வந்துகொண்டிருந்த உன் சாப்பாட்டுக் கேரியர் நின்றுபோய், நான் முக்குக் கடைப் பொட்டலத்தில் போய் விழுந்தேன். வயிறு என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டது. அப்போதுதான் ஒரு பத்திரிகையில் யாரோ ஒரு மருத்துவர், தன் சாப்பாட்டைத் தானே சமைக்கிறவர் தன்னைத் தானே பேணிக்கொள்கிறார் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். காலமெல்லாம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் அமிலம் காய்ச்சக் கற்றுக்கொடுத்தவன் நான், ஒரு பானையில் அரிசி, பருப்பு, காய் போட்டு வேகவைக்க மாட்டேனா என்று தோன்றியது. ஃபோனில் உன்னிடம் சொன்னேன். நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “அண்ணா, அடுப்புத் திருகு எந்தப் பக்கம் திரும்பும்னாவது தெரியுமா உங்களுக்கு? பேசாம என்கூட வந்து இருங்க. வீட்டை எரிச்சுட்டு வந்தா எனக்குத்தான் கெட்ட பேரு.” இடப்பக்கம் திரும்பும், அம்மா. கற்றுக்கொண்டேன். வயிறும் சமாதானமாகிவிட்டது.

இரண்டாவது நன்மையை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. காய் நறுக்கும்போது நான் எதையும் நினைத்துப் பயப்படுவதில்லை. ஜன்னல் வெளிச்சம் பலகைமேல் விழும், கேரட் துண்டு துண்டாக ஒரே கனத்தில் விழும், பானை மூடி மெல்ல ஆடத் தொடங்கும். இந்த வயதில் எனக்கென்று ஒரு வேலை, அதை என் இஷ்டத்துக்குச் செய்ய ஒரு அறை. அங்கே வந்தால் நீ என்னை அடுக்களைப் பக்கம் விடமாட்டாய். அன்பினால்தான் விடமாட்டாய், எனக்குத் தெரியும். ஆனாலும் விடமாட்டாய்.

மூன்றாவது தானே விளங்கும். விரிக்கவில்லை.

நான்காவது. நான் ஓர் ஆளுக்குத்தான் சமைக்கிறேன். கண்ணளவு இல்லை, பழைய தராசில் நிறுத்துப் போடுகிறேன். மூடியைத் திறந்தால் இரண்டு ஆளுக்கு இருக்கிறது. முதல்நாள் என் கவனப்பிசகு என்று விட்டேன். மறுநாளும் அப்படியே. கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் கேட்டேன். “அரிசி ஊறும் சார், அதுகூடவா தெரியாது? நீங்க பசங்களுக்கெல்லாம் என்னத்தச் சொல்லிக்குடுத்தீங்க?” என்றார். நியாயம்தான் என்று மறுநாள் பாதி அரிசி போட்டேன். இரண்டு ஆளுக்கு இருந்தது. பானையை மாற்றினேன். தையல்காரம்மாவின் பானையையே இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன். அதிலும் இரண்டு ஆளுக்கு. சரி, ஊறாத பொருளாக ஒன்று வேண்டும் என்று ஒரு முட்டையை எடுத்து, ஓட்டின்மேல் பென்சிலால் ‘ஒன்று’ என்று எழுதித் தண்ணீரில் போட்டு மூடி, அடுப்பு முன்னாலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். திறந்தால் இரண்டு முட்டை. இரண்டின்மேலும் ‘ஒன்று’ என்று என் கையெழுத்தில் இருந்தது. ஒன்றில் மட்டும் எழுத்து கொஞ்சம் திருத்தமாக இருந்ததாகத் தோன்றியது. என் கண்ணாடியும் பழசு.

இதற்காக நீ பதறக் கூடாது. சாப்பாடு வீணாகவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. மிச்சத்தை ஒரு தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு மத்தியானம் சற்றுக் கண்ணயர்வேன். எழுந்து பார்த்தால் தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். நான்தான் தூக்கக் கலக்கத்தில் தின்றுவிட்டுக் கழுவி வைத்திருப்பேன் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் கழுவினால் விளிம்பில் ஒரு பிசுக்கு எப்போதும் நிற்கும், நீயே எத்தனை தடவை திட்டியிருக்கிறாய். இந்தத் தட்டில் முகம் தெரிந்தது. சந்தேகம் தீர எடை பார்க்கும் மெஷினில் ஏறி நின்றேன். இரண்டு ஆள் சாப்பாடு தின்றவன் பெருத்திருக்க வேண்டுமே, குறைந்திருந்தேன். போன மாதத்தைவிடவும் குறைந்திருந்தேன். உடம்பு இளைப்பது நல்லது என்று அந்த மருத்துவரும் எழுதியிருந்தார். இதையும் முதலாவது நன்மையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒருநாள் பானையில் மூன்று ஆளுக்கு இருந்தது. கரண்டியைப் பிடித்தபடி நிற்கும்போதே கதவு தட்டும் சத்தம். வீட்டுக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் குழாய்க்காரரை அனுப்பியிருந்தார். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே படுத்து வேலையை முடித்துவிட்டு எழுந்தவர், வாசனை பிடித்துக்கொண்டு, “என்ன சார், விருந்தா?” என்றார். சாப்பிடச் சொன்னேன். உட்கார்ந்தார். தட்டைத் தொடாமல் சும்மாவே இருந்தார்.

“ஏன் சாப்பிடாம இருக்கீங்க?”

“அவரும் வந்துடட்டும் சார். வீட்டுக்காரங்க உக்காராம நாம கை வைக்கக் கூடாது.”

“எவர்?”

“உள்ள கை கழுவறாரே. ரொம்ப நேரமா கழுவறாரு. நான் புதுசா போட்ட குழாயைச் சோதிக்கறாரு போல.”

உள்ளே குழாய் ஓடிக்கொண்டிருந்தது உண்மை. நான் போய் மூடிவிட்டு வந்தேன். “சின்னவரா, பெரியவரா? உங்க ஜாடை அப்படியே இருக்கு,” என்றார் குழாய்க்காரர். எனக்கு உன்னைத் தவிர கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மனிதரை வீட்டுக்குள் உட்காரவைத்துவிட்டு அவர் சொல்வதை மறுப்பது எப்படி? “பெரியவர்,” என்று சொல்லிவிட்டேன். அவர் திருப்தியாகச் சாப்பிட்டு, “ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்கீங்க, அதுவே போதும் சார்,” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் எனக்கு விதி பிடிபட்டது. சாப்பிடப் போகிறவர் எத்தனை பேரோ அத்தனை பேருக்கு அந்தப் பானையில் வரும். நான் என்ன நிறுத்துப் போட்டாலும் அது பொருட்டில்லை. விதி பிடிபட்டால் எனக்குப் பயம் போய்விடும், ஆய்வுக்கூடத்திலும் அப்படித்தான்.

பிறகு நானே இரண்டு தட்டு எடுத்து வைக்கத் தொடங்கினேன். ஒருவர் தினமும் வந்து சாப்பிடும் வீட்டில் தட்டு வைக்காமல் இருப்பது மரியாதையில்லை அல்லவா? உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்கத்தான் தைரியம் வரவில்லை. தையல்காரம்மா என் சட்டைகளை இரண்டாம் தடவையாகப் பிடித்துத் தைத்துக்கொண்டே போன வாரம் சொன்னார்: “மேல இப்பல்லாம் கலகலன்னு இருக்கு சார். முன்ன வீடே உம்முனு கிடக்கும். சாப்பிடும்போது ரெண்டு பேரும் அப்படி என்னதான் பேசிக்கறீங்க?”

நான் சாப்பிடும்போது பேசுவதில்லை என்று உனக்குத் தெரியும். “யார் குரல் கேட்குது?” என்று மட்டும் கேட்டேன்.

“உங்க குரல்தான் நல்லாக் கேக்குது. சிரிக்கறதும் நீங்கதான். இன்னொருத்தர் பாவம், வாயே திறக்கறதில்லை. ஆள் ரொம்ப பயந்த சுபாவமோ?” என்று சொல்லி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டார். “அவரையும் கொஞ்சம் நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க சார்.”

சட்டை இப்போது கச்சிதமாக இருக்கிறது.

ஐந்தாவது. மேற்சொன்னவற்றால் தெரிவது என்னவென்றால், நான் வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிடுகிறேன், வீடு எரியவில்லை, அண்டை வீட்டாரும் என்னைப் பற்றி நல்லபடியாகவே பேசுகிறார்கள். தனியாக இருக்கிறேனே என்ற உன் கவலைக்கும் இடமில்லை என்று ஒருவிதத்தில் சொல்லலாம். இந்த வீட்டையும் அடுப்பையும் விட்டுவிட்டு மீன்களைப் பார்த்தபடி படுத்திருக்க எனக்கு மனமில்லை. இதை வாயால் சொல்ல எனக்கு வராது, எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் மாப்பிள்ளையிடம் சொல்லித் திருப்பி வாங்கிக்கொள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். நோய்நொடியில்லாமல், பசித்தபோது சாப்பிட்டு, நீண்டகாலம் சுகமாக இருங்கள். மிச்சமிருக்கும் மீன்களுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் அடுப்பை அணைக்கப் போனேன். இன்று பானையில் ஓர் ஆளுக்குத்தான் இருக்கிறது. இத்தனை நாளில் முதல்தடவையாக என் அளவு சரியாக வந்திருக்கிறதே என்று சந்தோஷமாக ஒரு தட்டை எடுத்து என் இடத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகுதான் யோசித்தேன். அவர் போய்விட்டார் போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே முறை. ஆனால் எனக்குக் காலையிலிருந்து பசியே இல்லை. நேற்றும் இருந்ததாக நினைவில்லை. நல்ல வாசனை வருகிறது, எனக்கு வாயில் எச்சில்கூட ஊறவில்லை. உன்னை ஃபோனில் கூப்பிட்டேன்; எடுத்தாய்; “யாரு, யாரு பேசறது, ஒண்ணும் கேக்கலையே,” என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் கத்தித்தான் பேசினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து தையல்காரம்மா, “இன்னைக்கு என்ன சார் சமையல்?” என்று வழக்கம்போல் குரல் கொடுத்தார். நான் வாய் திறக்கும் முன்னே அவருக்குப் பதில் கிடைத்து, அவர் சிரித்தது கேட்டது. தட்டு இப்போது எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வரை பார்க்காதே, அம்மா. இது கையில் கிடைத்த அன்றே வண்டியோடு வா. மீன்தொட்டி அறையே எனக்குப் போதும். வாசலில் என்னைப் போலவே ஒருவர் வந்து, நன்றாகத்தான் இருக்கிறேன், எதற்கு வீண் சிரமம் என்று சிரித்துப் பேசினால், அவரைத் தாண்டி உள்ளே வந்து பார்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அடித்துவிடவும்.