துவக்கு கேட்டால் போர்ம் தருபவர்

துவக்குக்கு முன்னால் நின்று நடுங்குகிறவர்கள் ஏராளம். துவக்கைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டு நடுங்கிய மனுஷன் இந்த நாட்டில் ஒரே ஒருவர்தான். வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அவர் காவல் பார்க்கும் வாச்சராக இருந்தார். பெற்றவர்கள் வைத்த பெயரை அவருடைய அடையாள அட்டையில்தான் தேடவேண்டும். தோட்டத்துக்கு அவர் லைசன். அவருடைய மனைவிகூட, "லைசன் சாப்புட வரலையா?" என்றுதான் விசாரிப்பார்.

தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு துவக்கு. ஒற்றைக்குழல் துப்பாக்கி, வெள்ளைக்காரத் துரைகள் விட்டுப்போன சாமான். அதன் லைசன் என்கிற அனுமதிப்பத்திரம் கம்பனியின் பெயரில் இருந்தது. கம்பனி எழுந்து வந்து காட்டுப்பன்றி விரட்டாது அல்லவா? ஆகவே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தகுதியுள்ள ஆள் இன்னார் என்று பத்திரத்தில் ஒரு பெயர் போட்டிருந்தார்கள். அந்தப் பெயர் லைசனுடையது. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்க நுவரெலியாவிலுள்ள மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும்போது, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வெள்ளைச் சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுவார். போய்ப் போய்ச் சிங்களம் பேச மட்டுமில்லாமல் வாசிக்கவும் எழுதவும் பழகிவிட்டார். பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். குளிக்கும்போது கழற்றுவார் என்று சொல்வார்கள். அதை நான் நம்பவில்லை.

துவக்கு ஓரிடத்திலும் தோட்டா வேறிடத்திலும் இருப்பது நல்லது என்று கச்சேரியில் யாரோ ஒரு கிளார்க் சொல்லிவிட்டார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். லைசன் துவக்கை ஒபீஸ் இரும்பு அலுமாரியில் வைத்தார். தோட்டாவைக் கீழ்லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றான தன் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். இரண்டுக்கும் நடுவில் நூற்றுச் சொச்சம் படி. மரக்கறிப் பாத்தியில் பன்றி இறங்கிவிட்டது என்று யாராவது சத்தம் போட்டால், அவர் மேலே ஓடுவார், துவக்கை எடுத்ததற்குக் கொப்பியில் கையெழுத்து வைப்பார், கீழே ஓடுவார், சாமி கும்பிட்டுத் தோட்டாவை எடுப்பார். அதற்குள் பன்றி கரட்டையும் லீக்ஸையும் முடித்துவிட்டுக் குடும்பத்தோடு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். எனக்குத் தெரிய அவர் சுட்டது இரண்டே தடவை. இரண்டும் ஆகாயத்தை நோக்கித்தான். அதற்கும், மேலே யாரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டுதான் சுட்டார்.

புதிதாக வந்த சின்னத்துரைக்கு, அதாவது உதவி முகாமையாளருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முயல் சுடும் ஆசை வந்தது. துவக்கைக் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார். லைசன் வந்தார், துவக்கு வரவில்லை. கழுத்திலிருந்த பத்திரத்தைக் கழற்றி இரண்டு கையாலும் பணிவாக நீட்டினார்.

"இதில ஒங்க பேரு இல்லீங்க தொரை. பேரு சேக்கணும்னா அதுக்கு ஒரு போர்ம் இருக்கு. நெரப்பித் தாங்க, நானே கச்சேரிக்கு கொண்டு போறேன்."

சின்னத்துரை முகம் சிவந்து பெரியதுரையிடம் போனார். பெரியதுரை பத்திரத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, வாச்சர் சொல்வதுதான் சரி என்று சொல்லிவிட்டார். அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேருடைய வாயிலும் இதே கதைதான். துரையின் பெயர் இல்லாமல் தொழிலாளியின் பெயர் இருக்கிற காகிதம் எங்கள் தோட்டத்தில் அது ஒன்றுதான். அந்த ஒரு வாரம் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தார்கள்.

என் பெரியம்மா மகன் கட்டாரிலிருந்து வந்து கல்யாணம் செய்தபோது நடந்தது இன்னொரு கூத்து. கல்யாணத்துக்கு முன்பே படம் பிடிக்கும் வழக்கம் மலைக்கும் வந்துவிட்டது. ஹட்டனிலிருந்து வந்த போட்டோக்காரர், மாப்பிள்ளை தோளில் ஒரு துவக்கு இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று கிளப்பிவிட்டார். லைசனிடம் கேட்டார்கள். போர்ம் கொடுத்தார். படத்துக்குத்தானே, ஐந்து நிமிஷம்தானே என்று கெஞ்சினார்கள். ஐந்து நிமிஷத்துக்கும் அதே போர்ம்தான் என்றார். கடைசியில் ஒரு சமரசம் வந்தது. துவக்கு படத்தில் வரலாம், ஆனால் தகுதியுள்ளவர் கையில்தான் வரவேண்டும். இன்றைக்கும் அந்த அல்பத்தைத் திறந்தால் பனிமூட்டம், தேயிலை, இந்தப் பக்கம் மாப்பிள்ளை, அந்தப் பக்கம் பெண், நடுவில் பத்திரமும் துவக்குமாக லைசன். மூன்று பேரில் அவர் முகத்தில்தான் கல்யாணக்களை தெரிகிறது.

லயத்துக்குப் பின்னால் கிழங்கு போட்டுப் பன்றிக்குப் பறிகொடுத்தவர்கள், சொந்தமாகத் துவக்கு வாங்க என்ன வழி என்று அவரிடம் கேட்பதுண்டு. விரல் மடக்கிச் சொல்லுவார். அடையாள அட்டை வேண்டும். கிராம சேவகர் கடிதம் வேண்டும். பொலிஸ் ரிப்போட் வேண்டும். வழக்கில் தண்டனை பெற்றிருக்கக் கூடாது. புத்தி நிதானமாக இருக்கவேண்டும். பயிர் காக்கத்தான் துவக்கு என்றால் அந்தப் பயிர் நிற்கிற காணியின் உறுதிப்பத்திரம் வேண்டும். உறுதி என்றதும் கேட்டவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நான்கு தலைமுறையாக இருக்கிற லயத்துக் காம்பராவுக்கே உறுதி கிடையாது, கிழங்குப் பாத்திக்கு ஏது?

இனிச் சொல்லப்போவது என் கதை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வட்டவளை பஜாரில் போன் திருத்தும் கடை போட்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை பகல், பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி பஸ்ஸில் வந்து இறங்கினாள். இடது கையில் மாவுக்கட்டு. படியில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். லயத்து வீட்டில் எத்தனை படி இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாதா? அம்மா அழுது கேட்ட பிறகுதான், புருஷன் அடித்தான் என்றாள். முதல் தடவை இல்லை என்றும் சொன்னாள்.

நான் மேலே ஒபீசுக்கு ஏறினேன். இந்த இடத்தை மட்டும் சிரித்துக்கொண்டு எழுத எனக்கு வரவில்லை. அன்றைக்குத் துவக்கு என் கைக்கு வந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் பொகவந்தலாவைக்குப் போயிருப்பேன். தங்கச்சி விதவையாகியிருப்பாள், நான் சிறையில் இருந்திருப்பேன், அம்மா பிழைத்திருக்க மாட்டார்.

லைசன் ஒபீஸ் விறாந்தையில் துவக்குக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"துவக்க தாங்கண்ணே."

"எதுக்கு?"

"மச்சான சுடணும்."

வேறு யாராக இருந்தாலும் பதறியிருப்பார்கள், ஆளைக் கூப்பிட்டிருப்பார்கள், குறைந்தது புத்திமதியாவது சொல்லியிருப்பார்கள். லைசன் துவக்கைத் துடைத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார். சாவியை மடியில் சொருகினார். மேசை லாச்சியைத் திறந்து கொஞ்சநேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஒக்காருங்க தம்பி. போர்ம் நெரப்புங்க."

ஏன் உட்கார்ந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. துரைக்கே போர்ம் கொடுத்தவர் எனக்குக் கொடுப்பது நியாயம்தான் என்று பட்டிருக்கவேண்டும். தாள் முழுக்கச் சிங்களம். எனக்குப் பேச வரும், வாசிக்க வராது. அவர் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துச் சொல்ல, நான் தமிழில் எழுதினேன். பெயர் எழுதினேன். அடையாள அட்டை இலக்கம் ஞாபகமில்லை. அட்டையைப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று வீட்டுக்கு அனுப்பினார். நூற்றுச் சொச்சம் படி இறங்கி, நூற்றுச் சொச்சம் படி ஏறினேன். திரும்பி வந்தபோது பேச மூச்சில்லை. வீட்டு இலக்கம் கேட்டார், இல்லை என்றேன். காணி எவ்வளவு என்றார், இல்லை என்றேன். பூச்சியம் போடச் சொன்னார், போட்டேன். ஆள் சுடப் புறப்பட்டவன், என்னிடம் ஒன்றுமே இல்லை என்று என் கையாலேயே எழுதிக்கொண்டிருந்தேன்.

"இதில காரணம் எழுதுங்க."

"ஒங்களுக்குத்தான் தெரியுமேண்ணே."

"எனக்கு தெரிஞ்சா போதாது தம்பி. கையெழுத்து வைக்கிறவங்க வாசிக்கணும். முழுசா, வெளங்குற மாதிரி எழுதுங்க."

'மச்சானை' என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. வாயால் சொன்னபோது சுலபமாக வந்த சொல் அது. மேலே என் பெயர், அதற்குக் கீழே என் இலக்கம், அதற்குக் கீழே என் கையெழுத்தில் அந்தச் சொல்லா? பேனையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. லைசன் பிளாஸ்கிலிருந்து பிளேன்டீ ஊற்றிப் பக்கத்தில் வைத்தார். நான் குடித்து முடித்ததும் தாளை நாலாக மடித்துக் கழுத்து உறைக்குள் வைத்துக்கொண்டார்.

"காரணம் முடியல்ல. முடியாத போர்ம யாரும் எடுக்க மாட்டாங்க. மிச்சத்த எழுதத் தோணுனா வாங்க, எங்கிட்டதான் இருக்கும். பொலிஸ் ரிப்போட்டும் வேணும். நாளைக்கு காலையில போவோம். தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க, குடும்பத்தில ஒருத்தர் வேணும்."

மறுநாள் என்னைப் பொலிஸ் வாசலில் நிறுத்திவிட்டு, தங்கச்சியோடு அவர் உள்ளே போனார். என் குணநலனை விசாரிக்கிறார்கள் என்று நினைத்து, சட்டைப் பொத்தானையெல்லாம் பூட்டிக்கொண்டு ஒழுங்காக நின்றேன். உள்ளே என் குணத்தைப் பற்றி யாரும் கேட்கவேயில்லை. பெண் பொலிஸ் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, தங்கச்சி தமிழில் சொல்லச் சொல்ல, லைசன் ஒரு வரி விடாமல் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார். முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து, முறைப்பாடு கொடுக்கச் சம்மதமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார். இதெல்லாம் அவள் வெளியே வந்து சொன்ன பிறகே எனக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை மச்சானைக் கூப்பிட்டார்கள். வழக்கு நடந்தது. அவள் பக்கமே வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளை போட்டது. தங்கச்சி திரும்பிப் போகவில்லை. நானும் மிச்சக் காரணத்தை எழுதப் போகவில்லை.

அண்மையில் கம்பனி துவக்கே வேண்டாம் என்று முடிவெடுத்து அதை ஒப்படைத்துவிட்டது. மறு வாரம் லைசன் என் கடைக்கு வந்தார். இப்போது நான் போட்டோக் கொப்பியும் லெமினேட்டிங்கும் செய்கிறேன். காலாவதியான பத்திரத்தை லெமினேட் செய்து தரவேண்டும் என்றார். தங்கச்சி அன்றைக்குக் கடையில் இருந்தாள். அவள் நுவரெலியாவில் ஆஸ்பத்திரி உதவியாளராக இருக்கிறாள், வேலைக்காகச் சிங்களம் வாசிக்கவும் படித்துக்கொண்டாள். உறையிலிருந்து பத்திரத்தை எடுத்தபோது, பின்னால் நாலாக மடித்த ஒரு தாளும் வந்தது. விரித்தாள். என் கையெழுத்தைப் பார்த்தாள். தலைப்பை வாசித்தாள், மறுபடியும் வாசித்தாள், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, இது கக்கூஸ் கட்ட ஒதவி கேக்குற போர்ம்."

காரணக் கட்டத்தையும் அவளே வாசித்துக் காட்டினாள். மலசலகூடம் தேவைப்படுவதற்கான காரணம் என்று அச்சில் இருந்தது. கீழே என் கையெழுத்தில், 'மச்சானை'. அன்று மாவுக்கட்டுப் போட்டிருந்த அந்தக் கையாலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

லைசன் சிரிக்கவில்லை. பிடிபட்டவர் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"சரியான போர்மும் லாச்சியில இருந்திச்சி தம்பி. அத குடுத்து, நீங்க முழுசா நெரப்பியிருந்தீங்கன்னா, நான் கச்சேரிக்கு கொண்டு போயாகணும். அதுதானே சட்டம். அதுக்கு பயந்துதான் இத குடுத்தேன். அரசாங்க போர்ம வேற காரியத்துக்கு எடுத்தது தப்புதான். இத்தன வருசமா மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. கிழிச்சிரட்டா?"

"வேணாண்ணே" என்றேன். இரண்டு தாளையும் லெமினேட் செய்தேன். பத்திரத்தை அவர் கழுத்தில் மாட்டிக்கொண்டார், போர்மை நான் வைத்துக்கொண்டேன். படியிறங்கும்போது திரும்பி, இந்த மெஷினுக்குப் பெர்மிட் ஏதும் எடுத்திருக்கிறேனா என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த ஒரு தப்புக்காக யாராவது என்றைக்காவது லைசனைப் பிடித்துக்கொண்டு போனால், பிணை எடுக்க முதல் ஆளாக நான் போய் நிற்பேன். எத்தனை போர்ம் தந்தாலும் நிரப்புவேன். காரணத்தை இந்தத் தடவை முழுசாக எழுதுவேன்.