வாசிக்கத் தெரியாத வாத்தியார்

பல்லடத்தில் நின்றுகொண்டிருந்த ஒரு தனியார் பஸ்ஸின் ஜன்னலோரத்தில்தான் எனக்கு அந்த யோசனை பிடித்தது. (சளி பிடிக்கிற மாதிரிதான். ஜன்னலோரம், காலைக் காற்று, பாதுகாப்பில்லாத தலை.)

அறுபதுகளின் நடுவில் ஒரு வருஷம். கோயமுத்தூரில் பி.ஏ. முடித்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடும் உலகத்தைத் திருத்தும் உத்தேசத்தோடும் திருப்பூர் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு லேகிய விளம்பரம். பக்கத்து சீட்டுக்காரர் எழுத்துத் தெரியாத ஒரு விவசாயி. "என்ன கண்ணு எழுதியிருக்குது?" என்று கேட்டார். பதினெட்டு வியாதிகளைக் குணப்படுத்துமாம் என்று வாசித்துச் சொன்னேன்.

"பதினெட்டுமா? அப்புறம் ஆஸ்பத்திரி எதுக்குங் கண்ணு?" என்று கேட்டுவிட்டு அவர் தூங்கிப்போனார். முன்சீட்டில் சட்டைப் பையில் பேனா செருகிய ஒருவரோ, அந்த லேகியத்தின் விலாசத்தைப் பயபக்தியோடு டைரியில் எழுதிக்கொண்டிருந்தார்.

எனக்குள் மின்னல் வெட்டியது. எழுத்தைப் படித்தால் மட்டும் போதாது, எழுதியதைச் சந்தேகப்படவும் தெரிய வேண்டும். அதைச் சொல்லித்தர இந்தச் சீமையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்தான் என்று, பஸ் அருள்புரம் தாண்டுவதற்குள் ஏகமனதாக முடிவு செய்தேன். சந்தேகப்பட்டவர் எழுத்தே தெரியாத அந்த மனிதர் என்பது மட்டும் உறைக்கவில்லை. பி.ஏ. படித்த மண்டை, எதுவும் சுலபத்தில் உள்ளே போகாது.

எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருந்தது. அப்பா ஆரம்பித்தது, அவர் போன பிறகு அண்ணன் துரைசாமி நடத்தினார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு. அந்த அரை மணியைத்தான் நான் கைப்பற்றினேன். பேக்கிங் மேஜைதான் வகுப்பறை. "தூங்கற நேரத்துல நீ என்ன வேணாலும் சொல்லிக் குடு. ஒரு மணிக்கு மிஷின் ஓடோணும்" என்றார் அண்ணன். கல்விக்கு அவர் அளித்த ஆதரவு அவ்வளவுதான்.

பன்னிரண்டு பேர் வந்தார்கள். (முதலாளியின் தம்பி கூப்பிட்டால் வராமல் எங்கே போவார்கள்? இந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை.) அவர்களில் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கட்டிங் மாஸ்டர் ஜபார் பாய். துணியைக் கையால் தொட்டாலே அது எந்த மில் நூல் என்று சொல்லிவிடுவார். இன்னொருவர் செக்கிங்கில் இருந்த சரஸ்வதி. என் வயதுதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நான் பேசும்போது அவள் முகத்தில் ஒரு மரியாதை தெரியும். அது சிரிப்பை அடக்குகிற முகம் என்று தெரிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் ஆயின.

எழுத்துக் கூட்டிப் படிக்க எல்லோருக்கும் கொஞ்சம் வரும். அதற்கு மேல் நான் கற்றுக்கொடுத்தது மூன்றே கேள்விகள். இதைச் சொன்னது யார்? யாருக்காகச் சொன்னது? எதைச் சொல்லாமல் விட்டது? கரும்பலகையில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டு, ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி கையைத் தட்டிக்கொண்டேன்.

முதல் பாடம், எங்கள் பனியன் பெட்டி. மூடியில் ஒரு பயில்வான் படம், கீழே 'ஆண்மைக்கு அழகு' என்று எழுத்து. இதில் எதை விட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது உழைப்பு, சுரண்டல் மாதிரி கனமான பதில். ஜபார் பாய் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பனியனை விட்டுட்டாங்க சின்னவரே. பயில்வான் வெறும் ஒடம்போட நிக்கறானுங்களே" என்றார். வாஸ்தவம். மூன்று தலைமுறையாக இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாக அந்தப் பெட்டியில்தான் நாங்கள் பனியன் விற்றுக்கொண்டிருந்தோம்.

இன்னொரு நாள் ஒரு பனியனை உயர்த்திப் பிடித்து, கண்ணில் படுவதை எழுதச் சொன்னேன். ஜபார் பாய்க்குத் தோள் கால் அங்குலம் கோணல். டெய்லருக்கு விட்டுப்போன தையல். சரஸ்வதிக்கு மிஷின் எண்ணெய்க் கறை. அந்தப் பக்கமாக வந்த அண்ணனுக்கு, பெட்டிக்குள் போகாமல் சும்மா தொங்குகிற ஒரு பீஸ். பார்வை என்பது பார்ப்பவரைப் பொறுத்தது என்று நான் இருபது நிமிஷம் பிரசங்கம் செய்தேன். அவர்கள் இருபது நொடியில் செய்து காட்டிய விஷயம் அது.

அப்புறம் வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸ். 'தாமதமாக வருபவர்கள் திருப்பி அனுப்பப்படுவார்கள்.' இதில் எதை விட்டிருக்கிறார்கள் என்றதும், மொதலாளி தாமதமாக வந்தால் அவரை யார் திருப்பி அனுப்புவது என்பது விட்டுப்போயிருக்கிறது என்று சரஸ்வதி எழுதிக் காட்டினாள். அண்ணன் அதைப் படித்தார். மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகவே வந்தார். கல்வி ஆயுதம் என்று நான் பூரித்துப்போனேன்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணனுக்குப் பெண் பார்த்தார்கள். பல்லடம் பக்கம் நல்ல குடும்பம். பெண் காப்பி கொண்டுவந்து வைத்த நிமிஷத்திலிருந்து அண்ணன் மனுஷனாக இல்லை. தனியாகச் சிரித்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டார். ஒரு டெய்லரிடம் 'தயவுசெய்து' என்றுகூடச் சொன்னதாகக் கேள்வி. அவருக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை பார்த்த நான்கு இடமும் தட்டிப்போயிருந்தன. "இது அமைஞ்சாப் போதுஞ் சாமி" என்று அம்மா தினமும் விளக்கு வைக்கும்போது முணுமுணுப்பார். இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாக்கி இருந்தது விசாரிப்பு ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் விசாரிப்பு என்பது பெரிய கலை. பெண் வீட்டிலிருந்து ஒருவர் அடையாளம் சொல்லாமல் வருவார். டீக்கடையில் உட்காருவார், சவரம் செய்துகொள்வார், பையன் கம்பெனியில் சரக்கு வாங்குகிறவர் போல நுழைந்து ஆட்களிடம் பேச்சுக் கொடுப்பார். பையன் எப்படி என்று கேட்டால், ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் யாருக்கு வேண்டும்? "தங்கமான பையனுங்க" என்பார்கள். இதெல்லாம் பொய்க் கௌரவம் என்று நான் ஏற்கனவே ஒரு வகுப்பில் கிழித்திருந்தேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம். அண்ணன் நூல் வாங்கப் போயிருந்தார். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றபோது, வெள்ளை வேட்டி, புதுத் துண்டோடு ஐம்பது வயதுக்காரர் ஒருவர் உள்ளே வந்தார். ஈரோட்டில் கடை வைத்திருப்பதாகவும், பனியன் பார்க்க வந்ததாகவும் சொன்னார். வெளியாள் ஒருவர் முன்னால் என் வகுப்பைக் காட்டும் வாய்ப்பு. விடுவேனா? ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். மூன்று கேள்விகளையும் விளக்கினேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, போகிற போக்கில், "மொதலாளி எப்படிப்பட்டவருங்க?" என்றார்.

"நல்லவருங்க" என்றாள் சரஸ்வதி, கேள்வி முடிவதற்குள்.

"தங்கமுங்க" என்றார் ஜபார் பாய்.

அங்கேயே விட்டிருக்கலாம். நான் சாக்பீஸை எடுத்து, 'முதலாளி நல்லவர்' என்று கரும்பலகையில் எழுதினேன். "இதுதான் இன்னிக்குப் பாடம்" என்று அறிவித்தேன்.

ஜபார் பாய் எழுந்து நின்றார். "சின்னவரே, இன்னிக்குப் பாடம் வேண்டாங்க. கட்டிங் நெறையக் கெடக்குதுங்க." ஓய்வு முடிவதற்கு முன்னால் அவர் வேலைக்கு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன். உட்காரச் சொன்னேன். சரஸ்வதி என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து முகம் கழுவிவரச் சொன்னேன்.

"இதைச் சொன்னது யார்? இங்கே சம்பளம் வாங்குகிறவர்கள். யாருக்காக? அதைக் கேட்டு மொதலாளி சந்தோஷப்படுவதற்காக. ஆகவே இந்த வாக்கியத்துக்கு எடை எவ்வளவு?" என்று கேட்டேன். "பயப்படாதீங்க. எதை விட்டுட்டீங்க, அதைச் சொல்லுங்க." பன்னிரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள். மாணவர்கள் தயங்கும்போது ஆசிரியர் வழிகாட்ட வேண்டும் அல்லவா? வழிகாட்டினேன்.

மிஷினில் ஊசி உடைந்தால் அண்ணன் கூடவே ஒரு டீ கிளாஸையும் உடைப்பார் என்றேன். இரண்டு மணிக்கு மேல் நூல் மூட்டைகளுக்குப் பின்னால் குறட்டை விடுவார் என்றேன். எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர் என்று ஊரில் சொல்வார்கள், எத்தனை தடவையில் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மூன்றாவது தடவையில் என்றேன்.

"அப்புறமுங்க?" என்றார் வந்தவர், வெகு மரியாதையாக.

"பல்லியைப் பார்த்தால் ரூமுக்குள் போக மாட்டார்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு மணிக்கு அடிக்க வேண்டிய மணியைப் பத்து நிமிஷம் முன்னதாகவே ஜபார் பாய் போய் அடித்துவிட்டார். எல்லோரும் மிஷினுக்கு ஓடினார்கள். வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நல்ல வகுப்பு என்று சொல்லி, கொண்டுவந்து வைத்த காப்பியைத் தொடாமல் கிளம்பினார். ஒரு பனியனைக்கூடக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. என் போதனையில் அப்படி ஒன்றிப்போய்விட்டார் என்று எண்ணிக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் அண்ணன் வியர்க்க விறுவிறுக்க வந்தார். கையில் காராபூந்தி, மைசூர்பாகு. பொண்ணோட தாய்மாமன் ஈரோட்டுக் கடைக்காரர் மாதிரி இன்றைக்கு வரப்போகிறார் என்று தரகர் வழியில் நிறுத்திச் சொல்லியிருக்கிறார். "வந்தாராடா? நல்லாக் கவனிச்சியா?" என்று கேட்டவர், அப்போதுதான் கரும்பலகையைப் பார்த்தார். 'முதலாளி நல்லவர்.' அவர் முகம் மலர்ந்தது. அதற்குக் கீழே நான் அழகான கையெழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை போட்டு எழுதியிருந்ததையும் படித்தார்.

டீ கிளாஸ் எதையும் உடைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இனிப்புப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நூல் மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். குறட்டைச் சத்தம் வரவில்லை.

சரஸ்வதிதான் எனக்கு விளக்கினாள்.

"ஏனுங்க, சரக்கெடுக்க வர்றவங்க புதுத் துண்டு போட்டுட்டு வருவாங்களா? வந்ததும் மிஷினைப் பாத்தாருங்களா? தண்ணித் தொட்டியப் பாத்தாரு, எங்க சோத்துப் போசியப் பாத்தாரு, மூஞ்சியப் பாத்தாரு. வாசல்ல செருப்ப உட்டப்பவே எங்க பன்னெண்டு பேருக்கும் தெரிஞ்சு போச்சுங்க."

"அப்ப நீங்க 'நல்லவரு'ன்னு சொன்னது அவருக்காகவா?"

"கேட்ட ஒடனே சொன்னமுங்களா இல்லீங்களா? யோசிச்சுச் சொன்னா பையன்கிட்ட ஏதோ இருக்குதுன்னு அர்த்தம். காதைச் சொறிஞ்சுட்டுச் சொன்னா எந்திரிச்சுப் போயிருவாங்க. அதெல்லாம் அவருக்குத் தெரியுமுங்க." கரும்பலகையைத் துடைத்தபடி, "உங்களுக்குத்தான் கரும்பலகையில எழுதினாத்தான் கண்ணுக்குத் தெரியுது" என்றாள்.

அந்தக் கம்பெனியில் வாசிக்கத் தெரியாதவன் ஒருவன்தான் இருந்தான். அவன் கையில் சாக்பீஸ் இருந்தது.

பன்னிரண்டு நாள் பல்லடத்திலிருந்து ஒரு தகவலும் இல்லை. அண்ணன் என்னோடு பேசவில்லை. அம்மா பேசினார், அதற்கு அண்ணனே தேவலை. நான் சாப்பிட உட்கார்ந்தால், என் தட்டுக்கு எதிரே சுவரில் இருந்த பல்லியிடம், "படிச்ச புள்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு" என்பார். வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்று ஜபார் பாய் மற்றவர்களிடம் சொன்னாராம். நான் தனியாகப் பல்லடம் போய்க் காலில் விழுவதாகச் சொன்னேன். அண்ணன் அன்றுதான் முதல்முறையாக வாயைத் திறந்தார். "நீ அந்தப் பக்கம் பஸ் ஏறினீன்னா, நான் இந்தப் பக்கம் ரயில்ல விழுந்துருவேன்."

பதின்மூன்றாம் நாள் தாய்மாமனே வந்தார். இந்தத் தடவை பழைய துண்டு. நேராக வீட்டுக்கு வந்து, கொடுத்த காப்பியைக் குடித்து, நாள் குறிக்கலாம் என்றார். அம்மா சமையலறைக்குள் போய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை. அவ்வளவு கேட்ட பிறகும் எப்படிச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேவிட்டேன். அம்மா உள்ளேயிருந்து கரண்டியைப் போட்டார்.

தாய்மாமன் நிதானமாக வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

"எந்த ஊட்டுல விசாரிச்சாலும் குறை என்னன்னு தெரியாதுங்க. இங்க நாலு தெரிஞ்சுது. கோவம், தூக்கம், பரிச்சை, பல்லி. அஞ்சாவதுன்னு ஒண்ணு இருந்திருந்தா, இந்தத் தம்பி வாயி அதையும் சொல்லாம உட்டிருக்குமுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் உள்பட. தாய்மாமன் எழுந்து செருப்பைப் போடும்போது அம்மாவிடம் தணிந்த குரலில், "ஆனாச் சின்னவருக்குப் பொண்ணு பாக்கறப்ப, எங்க சொந்தத்துப் பக்கம் மட்டும் வந்துராதீங்க" என்றார். தணிந்த குரல்தான். வீட்டை ஒட்டிய கம்பெனியில் பேக்கிங் மேஜை வரைக்கும் கேட்டது.

அண்ணி வந்து ஆறு வருஷமாகிறது. இன்றைக்கும் சொந்தத்தில் எந்தக் கல்யாணத்துக்கு விசாரிப்பு வந்தாலும், அதற்கு முந்தின நாளே எனக்குக் கோயமுத்தூரில் அவசர வேலை வந்துவிடும். "சின்னவனை ஊருக்கு அனுப்பியாச்சா?" என்று கேட்ட பிறகுதான் மாப்பிள்ளை வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பார்கள். 'அஞ்சாவது' என்பது எங்கள் வீட்டில் என் பெயர். அண்ணன் பிள்ளைகள்கூட என்னை அஞ்சாவது சித்தப்பா என்றுதான் கூப்பிடுகின்றன. மற்ற நான்கு பேர் எங்கே என்று வெளியார் கேட்கிறார்கள்.

இப்போது எனக்குப் பெண் பார்க்கிறார்கள். தாராபுரம் பக்கம். வருகிற வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒருவர் நூல் வியாபாரி வேஷத்தில் கம்பெனிக்கு வரப்போகிறாராம். அண்ணி வழக்கம்போலக் கோயமுத்தூருக்கு ஒரு வேலையைத் தயாராக வைத்திருக்கிறார். நான் போவதாக இல்லை. கட்டிங் டேபிளில் ஜபார் பாய்க்குப் பக்கத்தில் ஓர் உதவியாளைப் போல உட்கார்ந்து, வருகிறவர் எதைப் பார்க்கிறார், எங்கே தயங்குகிறார், எதற்கு இரண்டாம் தடவை தலையாட்டுகிறார் என்று அரை மணி நேரம் வாசித்துப் பார்க்கப்போகிறேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். யாராவது என்னைப் பற்றி நல்லதாகச் சொன்னால்கூடத் திருத்த மாட்டேன்.

இதை அண்ணியிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து, என் முன்னால் வைத்தார்.

"இருங்க தம்பி, தாராளமா இருங்க. அவரு வாசல்ல நுழையறப்ப வாய் நெறைய வெத்தலையப் போட்டுக்குங்க. அவரு பஸ் ஏறின பொறவு துப்புனாப் போதும்."