சூரியனுக்கு ஸ்டெப்னி எதற்கு?

யாழினி, கதிர், நம் வீட்டு வாசல் பலகையில் நடுவே ஒரு சொல் அளவுக்கு ஏன் பெயின்ட் அப்பியிருக்கிறது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் அப்பா டீ குடிக்கக் கிளம்பிவிடுவேன். சேலையூரில் இனி டீக்கடை பாக்கியில்லை. எழுதியே கொடுத்துவிடுகிறேன்.

மாடியில் சோலார் போட வந்தவர், “சார், உங்களுக்கு ஆன்-கிரிட்டா, ஆஃப்-கிரிட்டா?” என்று கேட்டார். நான் பத்தாவதோடு பெயின்ட் கடைக்கு வந்துவிட்டவன். ஆனாலும் ஆன் என்றால் எரியும், ஆஃப் என்றால் அணையும் என்பதுகூடவா தெரியாது? பணத்தைக் கொட்டி யாராவது ஆஃப் வாங்குவார்களா? “ஆன்தான்” என்றேன். (கெத்தாக வேறு சொல்லித் தொலைத்தேன்.)

பகலில் நம் மாடியில் விளையும் கரண்டில் நாம் செலவழித்தது போக மிச்சம் தெருக் கம்பிக்குப் போகும். சூரியன் இறங்கியதும் அங்கிருந்து நாம் வாங்கிக்கொள்வோம். கொடுத்ததைக் கழித்துக்கொண்டு பில் வரும். இவ்வளவுதான் கணக்கு. அடுத்த பில் இளைத்து வந்தது, நான் பெருத்துவிட்டேன். பிரஷ் வாங்க வந்தவரிடம்கூட, “நாங்க கவர்மென்ட்டுக்கே கரண்ட் விக்கிறோம்” என்பேன். இனி எதற்கு என்று பழைய இன்வெர்ட்டரை வந்த விலைக்குத் தள்ளினேன். கடையில் மிச்சமிருந்த எனாமலில் நானே பலகை எழுதி கேட்டில் மாட்டினேன்: ‘மின்தடை இல்லா இல்லம்.’

அந்தச் சமயத்தில்தான் மல்லிகா அத்தைக்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்திலிருந்து வரன் வந்தது. அதற்கு முன் வந்தவை ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவியிருந்தன. இந்த மாப்பிள்ளையை அத்தைக்குப் பிடித்துவிட்டது. வாய் திறந்து சொல்லவில்லை; ஆனால் சமையலறையில் பாட்டு கேட்டது. அக்னி நட்சத்திரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டு மாற்றுவதாக ஏற்பாடு.

“எதுக்கும் ஒரு ஜெனரேட்டர் சொல்லி வெச்சிடலாம்ங்க” என்றாள் உங்கள் அம்மா.

“சூரியனுக்கு ஸ்டெப்னி எதுக்குடி?”

அந்த ஞாயிறு காலையில் அத்தை மட்டும், “அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் வாய வெச்சிக்கினு சும்மா இரு, உனக்குப் புண்ணியமாப் போவும்” என்றாள்.

இருந்தேனா? மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்கியதுமே பலகையைக் காட்டினேன். கூடத்தில் உட்கார வைத்து, “தெருவே இருட்டானாலும் நம்ம வீட்டு ஃபேன் மட்டும் நிக்காது” என்றேன்.

ஃபேன் நின்றது.

“ஒரு நிமிஷம், சூரியனுக்கு மாறுது” என்றேன். (எது எங்கே மாறுகிறது என்று எனக்கே தெரியாது.) எதுவும் மாறவில்லை. கூடம் இட்லிக் குண்டான் ஆனது. மாடிக்கு ஓடினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பேனல்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்தவை போலப் பளபளத்தன. கீழே வந்தால் மாப்பிள்ளையின் பெரியப்பா வெற்றிலைத் தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

“பலகையில ஒண்ணு, வூட்ல ஒண்ணு. பொண்ணப் பத்திச் சொன்னதும் இப்டித்தானா?”

கதவோரம் நின்ற அத்தை என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

மாப்பிள்ளை செல்வம்தான் வாயைத் திறந்தார். அவருக்கு ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரிகல் வேலை. “பெரியப்பா, பொண்ணோட அண்ணன் பொய் சொல்லல. அவரு போட்டிருக்கறது ஆன்-கிரிட். தெரு லைனோட சேந்து ஓடறது. லைன் போனா இதுவும் தானா நின்னுடும். இல்லன்னா கம்பத்துல ஏறி ரிப்பேர் பண்றவர் மேல இவரு கரண்ட் பாஞ்சிடும். வெளையறத அப்பவே விக்கிறவரு, பேட்டரின்ற குடோன் இவருகிட்ட இல்ல. மார்க்கெட்ட மூடிட்டா தக்காளிய எங்க விப்பாரு?”

“விக்காட்டி போவுது. அந்தத் தக்காளிய வூட்ல கொழம்பு வெக்கக்கூடாதா?” என்று கேட்டார் அவருடைய அம்மா.

“அதுக்கு அடுப்பையும் மார்க்கெட்காரன்தாம்மா பத்த வெக்கணும். லைன்ல கரண்ட் இருந்தாத்தான் இந்த மெஷினே ஓடும்.”

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டி, நெற்றி விபூதி மூக்குவரை கரைந்து இறங்கியிருந்தது.

“பொய் சொல்றவன் இவ்ளோ வேர்க்க மாட்டான்” என்று எழுந்தார். “வாங்க, எல்லாம் மாடிக்குப் போலாம். கரண்டு குடுக்கலன்னா இன்னா, நெழலு குடுக்குதில்ல?”

உயரக் கம்பி நட்டுப் போட்ட பேனல்கள் அவை. அடியில் நல்ல பந்தலளவு நிழல். தண்ணீர் தெளித்து, பாய் விரித்தோம். நாலு பக்கமும் காற்று வந்தது. சூரியனுக்குக் கீழே, சோலாருக்கு அடியில், ஒரு யூனிட் கரண்ட் செலவில்லாமல் தட்டு மாற்றினோம். பெரியப்பா பாயசம் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார். அத்தை அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இன்றும் கரண்ட் போன உடனே போன் செய்து, “மச்சான், ஆன்-ஆ, ஆஃப்-ஆ?” என்று கேட்கிறாரே உங்கள் செல்வம் மாமா, அது இதனால்தான். கதிர், நாம் பிற்பாடு வாங்கிய இன்வெர்ட்டரை அம்மா ‘ஸ்டெப்னி’ என்று கூப்பிடுகிறாளே, அது கம்பெனி பெயர் இல்லை.

அன்று வேன் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் கரண்ட் வந்தது. எல்லோரும் ஃபேனுக்கடியில் மிச்சப் பாயசத்தோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மட்டும் கடையைத் திறந்து ஒரு சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் எடுத்து வந்தேன். கேட் முன்னால் ஸ்டூல் போட்டு ஏறி, பலகையின் நடுவில் இருந்த ‘இல்லா’வை மட்டும் பூசி மறைத்தேன். மிச்சம் நின்றது, ‘மின்தடை இல்லம்.’ கீழே இறங்கி, எட்ட நின்று ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். இந்தத் தடவை எழுத்தில் பிழை இல்லை.