பின்னால் போகாத வண்டி

ரிட்டயர் ஆன அன்றைக்கே ஒரு சபதம் எடுத்தேன். இனிமேல் எந்தச் சொந்தக்காரன் வீட்டு வாசற்படியையும் மிதிப்பதில்லை. காடு, மலை, அருவி. அம்புட்டுதான்.

சும்மா வாய்ச்சவடால் இல்லை. ஒரு பழைய வேனை வாங்கினேன். சீட்டையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுக் கட்டில் போட்டேன், அடுப்பு வைத்தேன், தண்ணீர் டேங்க் வைத்தேன். மூச்சை இழுத்துப் பிடித்தால் ஒரு ஆள் நுழையக்கூடிய கக்கூஸ்கூட வைத்தேன். சக்கரம் வைத்த வீடு! மதுரைப் பக்கம் நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் தெருவே கூடி நின்று பார்த்தது. யுனிவர்சிட்டி ஆபீசில் ஆயுசெல்லாம் ஃபைல் தள்ளிய துளசிராமா இது என்று ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள்.

உங்களிடம் மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். வெளியே விட்டுவிடாதீர்கள். எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது.

முன்னால் போகச் சொல்லுங்கள், கன்னியாகுமரி வரைக்கும் அலுங்காமல் போவேன். பின்னால் ஒரு முழம் என்றால் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். டிரைவிங் ஸ்கூலில் ரிவர்ஸ் பழகிய அன்று ஒரு டீக்கடை பெஞ்சைத் தூக்கிவிட்டேன். பெஞ்சில் இருந்தவர் கிளாசும் கையுமாக ஓடிய ஓட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அப்புறம் லைசென்ஸ் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். நல்ல மனுசர்கள் எல்லா ஆபீசிலும் இருக்கிறார்கள்.

என் வீட்டை ஒட்டிக் காலி மனை. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுவேன். சொந்தக்காரர்களோ அத்தனை பேரும் சந்துக்குள்ளேயே வீடு கட்டியிருக்கிறார்கள். இப்போது சபதத்தின் தத்துவம் புரிகிறதா?

இது என் மனைவி ராதாமணிக்குத் தெரியாது. தெரியவே கூடாது. அவளுக்குத் தெரிந்தால் அவள் அக்காவுக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரிந்தால் அவள் வீட்டுக்காரர் பீமாராவுக்குத் தெரியும். நான் வேன் வாங்கிய சேதி கேட்டதும், "சந்தோசம் துளசி, டிரைவர் யாரு?" என்று கேட்ட சகலை அவர். அந்த மனுசன் முன்னால் மட்டும் என் மானம் போகக் கூடாது. மற்றபடி எங்கே போனாலும் பரவாயில்லை.

வினை பாண்டி முனி கோயிலில் ஆரம்பித்தது. வண்டிக்குப் பூசை முடிந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கியாயிற்று. பார்த்தால் முன்னால் ஒரு லோடு வேன் குறுக்கே நிற்கிறது. டிரைவர் பொங்கல் வைக்கப் போய்விட்டான்.

"ஏங்க, கொஞ்சம் பின்னால எடுத்துத் திருப்புங்களேன்."

"எடுக்கலாம்..."

"எடுங்க."

"எடுக்கக் கூடாது."

"யாரு சொன்னா?"

என் வாயில் முனியாண்டியே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். "பூசாரி சொன்னாரு. பூசை போட்டதுலேருந்து ஒரு மண்டலத்துக்குச் சக்கரம் பின்னால உருளவே கூடாதாம். உருண்டா குடும்பத்துக்கு ஆகாதாம்."

ராதாமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எங்கிட்ட அவரு ஒண்ணும் சொல்லலையே?"

"குடும்பத் தலைவர்கிட்டதான் சொல்லுவாங்க."

"அப்படியா?" என்றாள்.

எனக்கோ ஒரே குஷி. ஒரு மண்டலத்துக்குக் கவலையில்லை. லோடு வேன்காரன் பொங்கல் வைத்து, பொங்கல் தின்று, கை கழுவி வரும்வரை பொறுமையாக நின்று வீடு வந்து சேர்ந்தேன்.

முதல் பயணம் வால்பாறை என்று முடிவு. கூட என் சிநேகிதன் மலைச்சாமியும் அவன் மனைவி சுந்தரம்மாளும். மலைச்சாமி மாட்டாஸ்பத்திரியில் இருந்து ரிட்டயர் ஆனவன். மாட்டைத் தவிர எதையும் ஓட்டத் தெரியாது. அதனாலேயே அவனைக் கூப்பிட்டேன்.

கிளம்புகிற காலையில் ராதாமணி சோற்று மூட்டையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வால்பாறை மலைதானே?"

"பின்னே கடலா?"

"கொண்டை ஊசி வளைவுல ஏறயில, பிரேக்கை விட்டு எடுக்கும்போது வண்டி ஒரு அடி பின்னால உருளுமே?"

பகீர் என்றது. "லேசா உருளும். அதெல்லாம் கணக்குல வராது."

"சாமி காரியத்துல லேசு என்ன, பலம் என்ன?"

"ஆமாண்ணே," என்று சேர்ந்துகொண்டாள் சுந்தரம்மாள். "சாமி குத்தமாயிரும்ணே."

"மலை எங்கிட்டுப் போயிரப் போகுது மாப்ள?" என்றான் மலைச்சாமி. "மண்டலம் முடியட்டும்."

"அப்ப எங்கதாண்டா போறது?"

"சமதளமாப் பாத்துப் போவோம்," என்றாள் ராதாமணி.

மதுரையைச் சுற்றி எங்கிட்டுப் பார்த்தாலும் சமதளம்தான். அம்புட்டுச் சமதளத்திலும் இவர்களுடைய சொந்தக்காரர்கள்தான் குடியிருக்கிறார்கள்!

முதலில் உசிலம்பட்டி, மலைச்சாமியின் அண்ணன் பேயாண்டி வீடு. நல்லவேளை, பெரிய களம். வட்டமடித்து நிறுத்தினேன். பேயாண்டி ஓடி வந்தார்.

"வெயில்ல நிக்குதேண்ணே. ஒரு எட்டு பின்னால விட்டா வேப்ப மர நெழலு."

ராதாமணியே மண்டல விவரத்தைச் சொன்னாள். பேயாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வண்டியைக் கும்பிட்டார். அடுத்து ஆள் விட்டுக் கீற்றும் கம்பும் கொண்டுவந்து, வண்டிக்கு மேலேயே பந்தல் போட்டுவிட்டார். ஊரே வந்து டயரில் திருநீறு பூசிவிட்டுப் போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்து அலங்காநல்லூர், ராதாமணியின் சித்தி மகள் கனகலட்சுமி வீடு. தெருவில் நுழைந்தால் எதிரே மலை மாதிரி வைக்கோல் ஏற்றிய டிராக்டர். இரண்டில் ஒன்று பின்னால் போக வேண்டும். எனக்கு ஸ்டீயரிங்கே வேர்வையில் வழுக்கியது.

"பின்னால எடுங்க சார்!" என்று கத்தினான் டிராக்டர்காரன்.

மலைச்சாமி இறங்கிப் போய் அவன் காதில் என்னமோ சொன்னான். அவ்வளவுதான். அந்தப் புண்ணியவான் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் டிராக்டரைப் பின்னாலேயே கொண்டுபோனான். வழியெல்லாம் வைக்கோல் உதிர்ந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அங்கிருந்து மதுரைக்குள் வரும்போது ராதாமணி மெதுவாக ஆரம்பித்தாள்.

"அப்படியே அக்காவைப் பாத்துட்டுப் போயிருவோங்க."

"சந்து."

"வண்டி போற சந்துதான். அக்காவுக்கு முட்டி ஆபரேசன் ஆச்சே, ஒரு வாரம் கூட இருக்க விட்டீங்களா? ஒரே ஊருதானே, ஒரே ஊருதானேன்னு எப்பப் போனாலும் காபி ஆறுறதுக்குள்ள கிளப்பிக் கூட்டிட்டு வந்துருவீங்க."

அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும் ரிவர்ஸ் கியர் கண் முன்னால் வந்து நின்றது.

"அந்தச் சந்துல உள்ள போனா எப்படி வெளிய வாரது?"

"அங்கிட்டு இப்ப வழி விட்டுட்டாங்களாம். அக்கா போன்ல சொன்னா. நேரா விட்டு அப்படியே மெயின் ரோட்டுக்குப் போயிரலாம்."

அந்த வீட்டைத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்லை. நம்பினேன். காமராசர் சாலையிலிருந்து திரும்பினேன். இரண்டு பக்கமும் திண்டு, பைக், சைக்கிள், தண்ணீர்க் குடம். கண்ணாடியை மடக்கிக்கொண்டு ஊர்ந்தேன். அக்கா வீடு வந்தது. அதற்கு அப்பால் சுவர் வந்தது. சுவரில் யாருக்கோ கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் படம் இல்லாததுதான் குறை.

"அடடா, அக்கா அடுத்த சந்தைச் சொன்னா போலிருக்கு," என்றாள் ராதாமணி.

பீமாராவ் ஈரத் துண்டோடு வெளியே வந்தார். "வா துளசி! என்னப்பா மூஞ்சியெல்லாம் இப்படி வேர்த்திருக்கு? வண்டியை எடுக்கணுமா? பக்கத்து வீட்டு அழகுபாண்டி டூரிஸ்ட் வேன் ஓட்டுறவன். சாவியைக் குடு, கண்ணை மூடிட்டு எடுத்துருவான்."

தெய்வமே என்று சாவியை நீட்டினேன். பாதியிலேயே ராதாமணி பிடுங்கிக்கொண்டாள்.

"ஐயையோ அத்தான்! மண்டலம்!"

விவரத்தைக் கேட்ட பீமாராவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அதுக்கென்ன? மிச்ச மண்டலமும் இங்கேயே இருங்க. நான் நூல் கடை வச்ச கதையை துளசிக்கு இன்னும் முழுசாச் சொன்னதில்ல."

"அப்ப நாங்க பஸ்ஸைப் பிடிச்சிர்றோம் மாப்ள," என்று மலைச்சாமி பையைத் தூக்கினான். துரோகி.

பீமாராவ் நாற்காலியை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு கதையை ஆரம்பித்தார். முதலில் அவர் அப்பா. அப்புறம் தாத்தா. தறி நூலில் மெல்லிசு, தடிசு என்று எத்தனை நம்பர் உண்டோ அத்தனையையும் சொன்னார். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சாயக்காரர், அவருக்கு ஒரு மச்சினர், அந்த மச்சினருக்கு ஒரு கடன். கடை இன்னும் திறந்தபாடில்லை. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், வாசலைப் பார்த்தேன், போஸ்டரைப் பார்த்தேன். மானமா, உயிரா என்ற இடத்துக்கு வந்துவிட்டேன்.

"நிறுத்துங்கண்ணே!" என்று எழுந்துவிட்டேன். "பூசாரி ஒண்ணும் சொல்லல. நான் விட்ட கப்சா. எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. வரவே வராது. போதுமா? அழகுபாண்டியைக் கூப்பிடுங்க!"

பீமாராவ் வாயை மூடினார். கல்யாணமான நாளிலிருந்து நான் இதைப் பார்த்ததில்லை. பிறகு சிரித்தார் பாருங்கள், தோளில் கிடந்த துண்டு கீழே விழுந்தது.

"அழகுபாண்டி இப்பத்தான் ராமேஸ்வரம் சவாரி போனான் துளசி. அப்படியே திருப்பதி. இம்புட்டு நீள வண்டியை இந்தச் சந்துலேருந்து எடுக்க அவனை விட்டா ஆளு கிடையாது. ஒரு வாரமாகும்."

ராதாமணி உள்ளேயிருந்து வந்தாள். நைட்டிக்கு மாறியிருந்தாள். கையில் சாம்பார்க் கரண்டி.

"இவளே," என்றேன் பரிதாபமாக. "எனக்கு ரிவர்ஸ் வராதுடி."

"தெரியும்."

"தெரியுமா! எப்பலேருந்து?"

"வண்டி வாங்குன அன்னைக்கே. தெரு முக்குல இருக்குற பால்கடைக்குப் போறதுக்கு நாகமலையையே சுத்திட்டு வந்தீங்களே."

"அடிப் பாவி! எனக்கு ரிவர்ஸ் வராதுன்னு தெரிஞ்சுமா இந்த முட்டுச் சந்துக்குள்ள விடச் சொன்ன?"

"தெரிஞ்சுதானேங்க விடச் சொன்னேன். கையைக் கழுவிட்டு வாங்க, அக்கா இலை போட்டுட்டா."